ஸ்வீடிய வினையின் சூபினமும் பெயரெச்சமும்

ஸ்வீடிய வினைச்சொல்லுக்கு இறந்தகாலம் சார்ந்த எச்ச வடிவங்கள் இரண்டு. ‘ஹா’ என்னும் துணைவினையோடு சேர்ந்து ‘எழுதியிருக்கிறேன்’ போன்ற பொருள் தருவது சூபினம். அது பாலுக்கோ எண்ணுக்கோ மாறாது. மற்றது இறந்தகாலப் பெயரெச்சம். அது தழுவும் பெயருக்கேற்ப ஈறு மாறும். ‘ஸ்க்ரீவா’ (எழுத) என்ற வல்வினையின் சூபினம் ‘ஸ்க்ரீவித்’. எழுதப்பட்டது நூலானால் பொதுப்பாலில் ‘ஸ்க்ரீவென்’, கடிதமானால் நடுப்பாலில் ‘ஸ்க்ரீவெத்’, பலவானால் ‘ஸ்க்ரீவ்னா’.

‘இத்’, ‘எத்’ என்ற இந்த வேறுபாடு பழைய மொழி விட்டுச்சென்ற சொத்து அன்று. இரண்டும் ஒரே நடுப்பால் வடிவத்திலிருந்து கிளைத்தவை. நெடுங்காலம் எழுத்தில் இரண்டும் கலந்தே வந்தன. வட்டாரப் பேச்சுகளும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. 18ஆம் நூற்றாண்டில் எழுத்துமொழியைச் சீர்செய்ய முனைந்த இலக்கணிகள்தாம் ஒன்றைச் சூபினத்துக்கும் மற்றதைப் பெயரெச்சத்துக்கும் பங்கிட்டார்கள். அண்டையிலுள்ள டேனிஷ் அப்படிப் பிரிக்கவில்லை; ஒரே ‘ஸ்க்ரேவெத்’ அங்கே இரு வேலையும் பார்க்கிறது. சூபினம் என்ற பெயர் லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்த இரவல். லத்தீன் சூபினத்தின் பயன்பாடு முற்றிலும் வேறு.

மெல்வினைகளில் இந்தப் பங்கீடு செல்லாது. ‘கல்லா’ (அழைக்க) சூபினத்தில் ‘கல்லத்’. பெயரெச்சம் பொதுப்பாலில் ‘கல்லட்’, நடுப்பாலில் மீண்டும் ‘கல்லத்’. முன்பு நடுப்பால் வடிவத்தை டகர தகரம் இரண்டும் சேர்த்து எழுதினார்கள்; 1906ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் அந்த டகரத்தை நீக்கியது. ‘ரிங்கா’ (மணியடிக்க) சூபினத்தில் ‘ரிங்த்’, பொதுப்பால் பெயரெச்சத்தில் ‘ரிங்ட்’ என்றாகும். வல்லொலியில் முடியும் வேர்களுக்கு, ‘வாங்கு’ என்னும் வினை போல, பொதுப்பால் பெயரெச்சமும் சூபினமும்கூட ஒன்றே.

துணைவாக்கியங்களில் ‘ஹா’வை விட்டுவிட்டுச் சூபினத்தை மட்டும் எழுதுவது ஸ்வீடியத்துக்கே உரிய வசதி. செயப்பாட்டுக்கு அதன் ஈற்றில் ஸகரம் சேர்த்தால் போதும்: ‘ஸ்க்ரீவித்ஸ்’. ‘செய்ய முடிந்திருக்கும்’ என்னுமிடத்தில் இரு வினைகளையும் சூபினமாக்குவது பேச்சில் சகஜம். எழுத்து நடை இரண்டாவதை ‘செய்ய’ என்னும் வடிவில் வைக்கவே விரும்பும். இடைச்சொல்லோடு வரும் வினைகளில் பெயரெச்சம் தனி வழி போகிறது: ‘விரும்பு’ என்னும் ‘தீக்கா ஓம்’ அதில் ‘ஓம்தீக்த்’ ஆகி, பின்னிருந்த இடைச்சொல் முன்னே வந்துவிடும்.

பள்ளி மரபு இரண்டையும் வினையின் வடிவங்களாகவே கற்பித்தது. ஸ்வீடிஷ் அகாதெமி 1999இல் வெளியிட்ட பேரிலக்கணமோ சூபினத்தை வினையில் நிறுத்தி, பெயரெச்சத்தைத் தனிச் சொல்வகையாக்கியது.