கத்திரி பிடித்த கை யாருடையது?

1998-இல் மிசௌரி தாவரவியல் பூங்காவின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையை இலக்கியப் பிரதி போல உட்கார்ந்து வாசித்தேன். பூக்கும் தாவரங்களின் 462 குடும்பங்களை 40 துறைகளுக்குள் அடுக்கும் கட்டுரை. பெரும்பகுதி பெயர்ப் பட்டியல்தான், தூக்கம் வரும். ஆனால் ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழுவின் பெயர் இருந்தது: ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப், சுருக்கமாக ஏபிஜி. பெந்தம்-ஹூக்கர், எங்ளர், க்ரான்குவிஸ்ட் என்று அதற்கு முந்தைய பெரிய வகைப்பாடுகளை எல்லாம் ஆட்களின் பெயரால்தான் சொல்கிறோம். வாழ்நாளெல்லாம் செடிகளைப் பார்த்த கண்கள் சொன்ன தீர்ப்புகள் அவை. இங்கே அந்தக் கண்ணின் இடத்தில் டிஎன்ஏ.

ஐந்து வருடம் முன்பு அதே இதழில் 42 பேர் சேர்ந்து, ஏறக்குறைய 500 தாவரங்களில் ஒரே ஒரு பசுங்கணிக மரபணுவை ஒப்பிட்டு ஒரு வம்சமரம் வரைந்திருந்தார்கள். ஏபிஜி அந்த மாதிரி மரங்களின் மேல் எழுந்தது.

அதன் பெரிய வெற்றி தாமரை. ஒரே குளம், நீர்மேல் வட்ட இலை, பெரிய பூ. அல்லியும் தாமரையும் அக்கா தங்கை என்றுதான் யாரும் சொல்வோம். அல்லி மிகப் பழைய கிளையொன்றில் தனியே நிற்கிறது. தாமரையோ, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் சொந்தம். முதல்முறை படித்தபோது சிரிப்புதான் வந்தது. ஆனால் கண் முழுக்கத் தோற்றுவிடவில்லை. தாமரையின் மகரந்தத்தில் மூன்று பிளவுகள் உண்டு, அல்லிக்கு அப்படி இல்லை என்பது டிஎன்ஏவுக்கு முன்பே தெரியும். சிலர் இரண்டையும் பிரித்தும் வைத்திருந்தார்கள். தாமரையை யாரோடு சேர்ப்பது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

குழுவின் விதி ஒன்றுதான்: ஒரு மூதாதை, அதன் வாரிசுகள் அத்தனையும். ஒருவரையும் வெளியே நிறுத்தக் கூடாது. தனிக்குடும்பமாக இருந்த எருக்கு, நந்தியாவட்டையின் குடும்பத்துக்குள் போனது இப்படித்தான். எதை ஒடித்தாலும் பால் வருகிறது, கண்ணும் ஒப்புக்கொள்கிறது.

என் சண்டை இதற்கு அடுத்த படியில். மரத்தை எந்தக் கணுவில் வெட்டினாலும் விதி நிறைவேறிவிடும். பெரிய கிளையாக வெட்டி ஒரே குடும்பம் என்னலாம், மேலே ஏறி வெட்டிப் பத்துக் குடும்பம் என்னலாம். எங்கே வெட்டுவது என்று டிஎன்ஏ சொல்லாது. நிரலில் ஒரு மரத்தை எந்த இடத்தில் பிரித்துப் பெயர் வைப்பது என்று தினமும் அலுவலகத்தில் சண்டை போடுகிறவன் நான். அங்கே யாரும் ‘டேட்டா சொல்லிடுச்சு’ன்னு தப்பிக்க முடியாது.

ரயில் கற்றாழையைப் பாருங்கள். தடித்த முள்வைத்த இலை. மெல்லிய ஊசிகளோடு படரும் தண்ணீர்விட்டான் கொடியும் அதுவும் இப்போது ஒரே குடும்பம். பார்த்தால் கூடப்பிறந்தது போலிருக்கும் சோற்றுக்கற்றாழை வேறு குடும்பம். வம்சம் அப்படித்தான் போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்தே ஆகவேண்டும் என்பது வம்சத்தின் கட்டளை இல்லை. 2003-இல் வந்த இரண்டாம் பதிப்பு பெரிய குடும்பமா, சின்னச் சின்னக் குடும்பங்களா என்ற தேர்வை வாசகரிடமே விட்டிருந்தது. நான்கு பதிப்புகளில் எனக்குப் பிடித்தது அந்த நேர்மைதான். 2009-இல் தேர்வை எடுத்துவிட்டார்கள், பெரிய குடும்பம் மட்டும் மிஞ்சியது. செடியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவது?

2016-இன் நான்காம் பதிப்பிலும் அது அப்படியே இருக்கிறது. சோற்றுக்கற்றாழைக் குடும்பத்தின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.