கோச் திருந்தினால் போதுமா? 'சிதாரே ஜமீன் பர்' – ஓர் ஆசிரியர் பார்வை

'தாரே ஜமீன் பர்' (2007) படத்தைப் பார்க்காத ஆசிரியர் நம்மில் குறைவுதான். அதன் தொடர்ச்சி என்று சொல்லி 2025 ஜூனில் வந்தது 'சிதாரே ஜமீன் பர்'. இயக்குநர் ஆர்.எஸ். பிரசன்னா, தமிழில் 'கல்யாண சமையல் சாதம்' எடுத்த நம்ம ஆள். மூலக்கதை 'கம்பியோனெஸ்' (2018) என்ற ஸ்பெயின் படம். பயிலரங்கில் இதைப் போட்டுக் காட்டலாம் என்று நீங்கள் நினைத்தால், அதற்கு முன் சில விஷயங்களைப் பேசிவிடலாம்.

கதை தெரிந்ததுதான். குடித்துவிட்டுக் காரோட்டிய ஒரு கூடைப்பந்துத் துணைப் பயிற்றுநரை நீதிமன்றம் தண்டிக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள வீரர்களுக்கு மூன்று மாதம் அவர் பயிற்சி கொடுக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பத்து வீரர்களாகவும் நடித்திருப்பவர்கள் அதே நிலையில் உள்ளவர்கள்தாம். இறுதி ஆட்டத்தில் தோற்றும் இரண்டாம் இடத்துக்காக அவர்கள் துள்ளிக் குதிக்கும் காட்சி ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் யாருடைய கதை இது? கோச்சின் கதை. அவருடைய கோபம், அவருடைய மணவாழ்க்கை, அவருடைய லிஃப்ட் பயம் எல்லாம் தீர்கின்றன. வீரர்கள் அவருக்கு மருந்தாகிறார்கள். பந்தை எப்படிப் பிடிக்கச் சொன்னார், ஒரு கட்டளையை எத்தனை துண்டாக உடைத்தார், எத்தனை முறை செய்து காட்டினார் என்பதெல்லாம் பாட்டோடு பாட்டாக ஓடிவிடுகிறது. திடலில் நிற்கும் நமக்கு வேண்டியது அதுதானே?

நம் நாட்டு உதாரணம் ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2000 சிட்னி பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்பெயின் கூடைப்பந்து அணியின் 12 பேரில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை என்பது அம்பலமானது. அதனால் இந்தப் பிரிவினர் அனைவருக்கும் கதவு அடைபட்டது. 2012 லண்டனில்தான் மீண்டும் திறந்தது. அங்கே குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கியவர் நம்முடைய முஹமட் ஸியாட் ஸுல்கெஃப்லி. 2016 ரியோவில் 16.84 மீட்டர் எறிந்து தங்கமும் வென்றார். அதே ரியோவில் நீளம் தாண்டுதலில் 7.60 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற அப்துல் லத்திஃப் ரொம்லியும் இதே பிரிவுக்காரர்.

அப்புறம் தோக்கியோ, 2021. ஸியாட் 17.94 மீட்டர் எறிந்தார். மற்ற யாரும் அந்தத் தூரத்தை எட்டவில்லை. ஆனால் போட்டிக்கு முன் கூடும் அழைப்பு அறைக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்தார் என்று அவருடைய முடிவையே ரத்து செய்துவிட்டார்கள். நேரத்தைக் கணிப்பதும் அறிவிப்பைப் புரிந்துகொள்வதும் சிரமமாக இருக்கக்கூடிய ஒரு பிரிவில், கைப்பிடித்து அழைத்துப் போய் அறை வாசலில் விடுவதும் பயிற்சியில் ஒரு பகுதிதான். பிரசன்னாவின் படத்தில் அந்த அழைப்பு அறை இல்லை.

இன்னொரு குறை. படத்தில் இருப்பது தனி அணி. 'உள்ளடக்கிய' அணி அல்ல. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பின் ஒருங்கிணைந்த கூடைப்பந்தில் களத்தில் நிற்கும் ஐவரில் மூவர் குறைபாடுள்ளவர்கள், இருவர் மற்றவர்கள். 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்று 2011 முதல் சொல்லிவருகிறோம். 2019 முதல் எந்தச் சிறப்புத் தேவை மாணவரையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்கிறோம். செனாவாங் பக்கம் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் சிறப்புக் கல்வி வகுப்புப் பிள்ளைக்கு விளையாட்டுப் போட்டி நாளில் என்ன கிடைக்கிறது? சாக்கு ஓட்டமும் ஒரு பரிசுப் பையும். இல்லத்தின் புள்ளிக் கணக்கில் அவன் சேருவதில்லை. மாலையில் பயிற்சிக்கு நிறுத்தினால் திரும்பிப் போக பஸ்ஸும் இல்லை.

'நார்மல்' என்ற சொல்லைத் தமிழில் 'சராசரி' என்போமா, 'இயல்பு' என்போமா? அவரவர் இயல்பு அவரவர்க்கு என்பதுதான் படத்தின் கருத்து. 'இயல்பு' என்ற சொல் அதை எளிதாகத் தாங்குகிறது. வகுப்பில் பேச இது ஒன்றே ஒரு பாடவேளைக்குப் போதும்.

பயிலரங்கில் காட்டுவதானால் முழுப் படமும் வேண்டாம். தண்ணீருக்குப் பயந்து குளிக்க மறுக்கும் குட்டுவை, ஓர் எலியைக் காப்பாற்ற வைத்துப் பயம் தெளிவிக்கும் காட்சி வரும். அங்கே நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் பள்ளிச் சிறப்புக் கல்வி வகுப்பிலிருந்து ஒரு மாணவரை மனத்தில் வைத்து, அவரை அடுத்த ஆண்டு எந்த இல்லத்தில், எந்த ஓட்டத்தில், யார் துணையோடு இறக்குவார்கள் என்று எழுதித் தரட்டும்.