500 மீட்டர் நடக்கலாம், கழிப்பறைக்குப் போக முடியாது

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயாளியின் நிலையை அளக்க உலகம் முழுக்க நரம்பியல் மருத்துவர்கள் கையில் எடுப்பது இ.டி.எஸ்.எஸ். என்ற அளவுகோல். ஜான் கர்ட்ஸ்கி 1983-ல் வெளியிட்டது. 0 முதல் 10 வரை அரையரைப் புள்ளியாக ஏறும். புது மருந்துகளின் சோதனைகள்கூட இன்றுவரை இதைத்தான் நம்புகின்றன. எனக்கு இதோடு ஒரு சண்டை இருக்கிறது.

4-ஐத் தொட்டதும் இது கிட்டத்தட்ட நடைதூரக் கணக்காகிவிடுகிறது. ஓய்வில்லாமல் 500 மீட்டர் நடந்தால் 4, 200 மீட்டர்தான் என்றால் 5, கைத்தடியோடு 100 மீட்டர் என்றால் 6. சிறுநீர்ப்பைக்கும் தனி மதிப்பெண் உண்டு. ஆனால் அது கூடுதலாக இருந்தால் குறைத்துத்தான் மொத்தத்தில் சேர்க்கிறார்கள். கர்ட்ஸ்கி வேலை பார்த்தது அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நோயோ பெண்களுக்குத்தான் இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

தண்டுவட நரம்புகளின் உறை சிதைந்தால் பை நிறையும் முன்பே சுருங்குகிறது. காலை விறைக்க வைப்பதும் அதே சேதம்தான். ஆக, அவசரமும் தாமதமும் ஒன்றாகவே வருகின்றன. ரெண்டையும் தனித்தனியாக அளந்தால் உண்மை தப்பிவிடும். எங்க தொழிலில் இதை ரேஸ் கண்டிஷன் என்போம்: எது முதலில் முடிகிறது என்பதுதான் விஷயம். அடக்க முடிவது அரை நிமிஷம், கழிப்பறை போக ஒரு நிமிஷம் என்றால், 500 மீட்டர் நடக்கத் தெரிந்து என்ன பயன்? பிறகு வந்த 25 அடி நடைச் சோதனை நொடிகளை எண்ணுகிறது, நல்லதுதான். ஆனால் அதிலும் சிறுநீர்ப்பை இல்லை.

வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் ஷிப்டு பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் என்று வையுங்கள். போய்ச் சேர்ந்தாலும் அங்கே இருப்பது குந்தி உட்காரும் கழிப்பறை. விறைத்த முழங்காலோடு குந்தணும், பிடிக்கக் கம்பி இருக்காது, எழணும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வாள். சிறுநீர் கெட்டியாகும், தொற்று வரும், காய்ச்சலில் கால் இன்னும் தளரும். நோய் முற்றியது போலத் தோன்றும். உண்மையில் அது தொற்றின் வேலையாக இருக்கலாம்.

மாற்றுப் பிழையும் உண்டு. 'அடிக்கடி வருது'ன்னு சொன்னதும் பையை அடக்கும் மாத்திரை கொடுப்பது. பை முழுதாகக் காலியாகாமல் மிச்சம் நிற்பதாலும் அடிக்கடி வரும். அப்போது அந்த மாத்திரை தேக்கத்தைக் கூட்டும். போய்விட்டு வந்தவுடன் ஒரு ஸ்கேன் எடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எத்தனை மீட்டர் என்பதோடு ரெண்டு கேள்வி சேர்த்தால் போதும்: எத்தனை நொடி அடக்க முடியுது, உங்க வீட்டில் கழிப்பறைக்கு எத்தனை நொடி?