தானமும் உபரியும்: மதுரைச் சமவெளியின் நிலச்சீர்திருத்தச் சொல்லாடல்

நிலச்சீர்திருத்தத்தின் வெற்றியைப் பகிர்ந்தளிக்கப்பட்ட ஏக்கர்களைக் கொண்டு அளப்பதே பெருவழக்கு. எச்சொல்லின்கீழ் நிலம் கைமாறியது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. மதுரைச் சமவெளியில் 1950களுக்குப்பின் வழங்கிய ‘தானம்’, ‘உபரி’, ‘உழுபவர்’ ஆகிய மூன்று சொற்களை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கம் பின்னர்க் கிராமதானமாக விரிந்தது. அன்றைய மதுரை மாவட்டத்தில் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இணையர் அதனை முன்னெடுத்தனர். பிரமதேயம், தேவதானம் ஆகிய கல்வெட்டு வழக்குகளை அறிந்த தமிழுக்குத் ‘தானம்’ புதிய சொல்லன்று. நிலமற்றவரைப் பெறுநராக்கியது பூதானத்தின் பெருஞ்சிறப்பு. எனினும், ஈவோரின் மனமுவப்பே நிலமாற்றத்தின் காரணம் என்னும் பழைய இலக்கணம் அதில் மாறவில்லை.

1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் மனமுவப்பின் இடத்தில் கட்டாயத்தை வைத்தது. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என்றிருந்த வரம்பு 1970இல் 15ஆகக் குறைக்கப்பட்டது. தர ஏக்கர் என்பது வெறும் பரப்பளவன்று; நிலத்தீர்வையைச் சார்ந்த கணக்கு. ஆகவே, மேலூர்ப் பக்கத்துப் பெரியாற்றுப் பாசன நன்செயைவிடத் திருமங்கலத்துப் புன்செயில் அதே வரம்பு கூடுதல் பரப்பை அனுமதித்தது. பொதுச் சமய அறநிலையங்களின் நிலங்களோ விலக்குப் பெற்றன. ‘உபரி’ என்பது உடையவர் தேவைக்குப் போக எஞ்சியதையே குறிக்கிறது. உழைப்பவரின் தேவை அதன் அளவுகோலன்று. ஜப்பானின் 1946ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், ஊரில் வாழாத உடைமையாளரின் குத்தகை நிலம் முழுவதையும் அரசே விலைக்கு எடுக்க வழிசெய்தது. அங்கே உடையவர் எங்கு வாழ்கிறார், எவர் பயிரிடுகிறார் என்பனவும் அளவுகோல்களாயின.

‘உழுபவருக்கே நிலம்’ என்னும் முழக்கமும் திறனாய்வுக்குரியது. ஏர் பிடிப்பது ஆடவர் தொழிலாகக் கருதப்படும் சமவெளியில் நாற்று நடுவோரும் களையெடுப்போரும் பெண்களே. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டமோ குத்தகை உடன்பாடு உடையவரையே காத்தது. கூலிக்கு உழைத்தோர் அதன் வரையறைக்குள் வரவில்லை. அவர்களுள் பெரும்பகுதியினர் தலித் மக்கள் என்பது கருதத்தக்கது.

1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபின் அவ்விணையரின் பணி கீழத்தஞ்சைக்கு நகர்ந்தது. 1981இல் அவர்கள் நிறுவிய லாஃப்டி அமைப்பு, நிலத்தை விலைக்கு வாங்கிப் பெண்கள் பெயரில் பதிவுசெய்தது. விலை கொடுத்தல் பழைய உடைமையை ஏற்பதே என வாதிடலாம். ஆயினும், நடவு நட்டவரின் பெயர் ஆவணத்தில் ஏறியது சொல்லாடலின் முதன்மையான முறிவாகும். ஏக்கர்க் கணக்கோடு பட்டாவிலுள்ள பெயரையும் சேர்த்து வாசிக்கும் ஆய்வே இம்முறிவைக் காட்டவல்லது.