கேட்டலும் கீழ்ப்படிதலும்

இறைவன் திருவுளப்படி ஒழுகும் பண்பினை விவிலியம் எச்சொல்லால் குறிக்கின்றது? தமிழ்க் கிறித்தவர் எவரை வினவினும் 'கீழ்ப்படிதல்' என்றே விடை வரும். பவர் ஐயர் தலைமையில் அறிஞர் குழுவொன்று செப்பனிட, 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு அச்சொல்லை மக்கள் நாவில் நிலைபெறச் செய்தது. ஆயினும் மூலத்தின் பொருள் முழுவதையும் அச்சொல் தாங்குகின்றதா என்பது ஆராயத்தக்கது.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இப்பொருளுக்குப் பெரிதும் வழங்குவது 'ஷாமா' என்னும் வினை. அதன் முதற்பொருள் காதால் கேட்டல் என்பதே. ஒருவர் குரலைக் கேட்டல் என்றால் அவர் சொற்படி நடத்தல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய 'ஹுபக்கோவே' என்பதும் கேட்டல் என்னும் வேரினின்றே பிறந்தது. இவ்வழக்குத் தமிழுக்குப் புதிதன்று. 'என் பிள்ளை சொன்ன சொல் கேட்பான்' என்று தாய் கூறுங்கால் அவள் செவியின் நலத்தையா பேசுகின்றாள்? மேலும், வினாவுதலும் வேண்டுதலும்கூடத் தமிழில் கேட்டலேயாம். 'கீழ்ப்படிதல்' என்பதிலோ தாழ்வு உண்டு, செவி இல்லை.

இவ்வேறுபாட்டால் விளையும் இழப்பைச் சாமுவேல் முதல் நூலின் 15-ஆம் அதிகாரத்தில் காணலாம். கர்த்தரின் சொல்லைக் கேள் என்று சவுல் மன்னனிடம் கூறித் தொடங்குகின்றார் சாமுவேல். கட்டளையை முடித்தேன் என்று மன்னன் சொல்லும்போதே, அவன் உயிரோடு விட்டுவைத்த ஆடுமாடுகளின் ஒலி தீர்க்கதரிசியின் காதில் விழுகின்றது. பலியினும் கேட்டலே சிறந்தது என்று அவர் இடித்துரைக்கின்றார். இறுதியில், மக்களுக்கு அஞ்சி அவர்கள் குரலைக் கேட்டேன் என்று மன்னன் ஒப்புகின்றான். மூலத்தில் இவை அனைத்தும் ஒரே வினையால் கோத்த மாலை. எவர் குரலை எவர் கேட்டார் என்பதே அதிகாரத்தின் உயிர். தமிழ் மொழிபெயர்ப்பில் பலியோடு ஒப்பிடும் இடத்தில் மட்டும் 'கீழ்ப்படிதல்' புகுந்தமையால் மாலையின் நூல் அறுந்துவிட்டது.

இஃது அழகு பற்றிய குறை மட்டுமன்று. சவுல் பெற்ற ஆணை அமலேக்கியரைக் கைக்குழந்தையும் எஞ்சாமல் அழிக்க வேண்டும் என்பது. அக்குழந்தைகளுக்காக இவ்வதிகாரத்தில் ஒரு குரலும் எழவில்லை. கற்பார் நெஞ்சை உறுத்தும் இடம் இது. மழுப்பிச் செல்லுதல் நேர்மையாகாது. 'கீழ்ப்படிதல்' ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு இதனைப் பயில்வோர், மேலிருந்து வரும் எந்த ஆணைக்கும் வாய்பொத்தித் தலைவணங்குவதே பத்தி என்று முடிவு கட்டுவர். அம்முடிவின் கேடு சிறிதன்று.

விவிலியமோ வாய்பொத்தி நிற்பதைப் பத்தியின் இலக்கணமாகக் கூறவில்லை. சவுல் தள்ளப்பட்டான் என்று அறிந்த சாமுவேல் இரவெல்லாம் இறைவனை நோக்கிக் கதறினார். சோதோம் நகருக்காக ஆபிரகாம் வழக்காடி, 50 நீதிமான்கள் என்ற கணக்கை 10-க்குக் குறைத்தார். மகனைப் பலியிடச் சென்றபோது அவர் எதிர்த்து ஒன்றும் வினவவில்லை என்பது உண்மையே. ஆனால் கத்தியை ஓங்கியபின் வந்த குரலையும் அவர் கேட்டார். முதற்கட்டளையோடு அவர் செவி அடைபட்டிருப்பின் ஈசாக்கு பிழைத்திருப்பானா? கெத்செமனேத் தோட்டத்தில் இயேசு, துன்பக் கிண்ணம் நீங்க வேண்டும் என்று முதலிற் கேட்டார். பின்னரே தந்தையின் சித்தத்திற்கு இசைந்தார். எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின் 5-ஆம் அதிகாரம், அவர் கண்ணீரோடு வேண்டியது கேட்கப்பட்டது என்றும், பாடுகளால் அவர் கீழ்ப்படிதலைக் கற்றார் என்றும் அடுத்தடுத்து உரைக்கின்றது. கிரேக்கத்தில் இவ்விரு சொற்களுக்கும் வேர் ஒன்றே. மகன் கேட்கின்றான், தந்தையும் கேட்கின்றார்.

மற்றொரு சொல்லில் பழைய மொழிபெயர்ப்பே வென்றது என்பதையும் கூறுதல் முறை. கிரேக்கத்தின் 'பிஸ்டிஸ்' நம்புதலையும் உண்மை பிறழாமையையும் ஒருங்கே சுட்டும். 'விசுவாசம்' என்பது வடசொல்லேயாயினும் அவ்விரண்டையும் தாங்குகின்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பல இடங்களில் ஆளும் 'நம்பிக்கை' நல்ல தமிழ்ச்சொல். எனினும் அதில் முற்பாதியே உண்டு, பற்றுறுதியாகிய பிற்பாதி இல்லை.

'கேள்வி' என்று ஓர் அதிகாரமே குறளில் அமைந்த மொழி தமிழ். செவி கொடுத்தல், வினாவுதல், சொற்படி நடத்தல் ஆகிய மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிய மொழியும் அதுவே. மூலத்தின் மாலையைக் கோக்க வேண்டிய நூல் மொழிபெயர்ப்பாளர் கையிலேயே இருந்தது.