ஊசிக்குக் கிடைக்கும் உபரிப் புகழ்

மனச்சிதைவு நோய்க்கான மாத ஊசிகளை ஆதரிக்கும் உரைகளில் ஒரு படம் தவறாமல் வருகிறது. ஊசிக்கு முந்தைய ஆண்டுக்கு நெட்டைத் தூண், பிந்தைய ஆண்டுக்குக் குட்டைத் தூண். மருத்துவமனைச் சேர்க்கை பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம்.

ஊசியால் பலனே இல்லை என்பதல்ல என் வாதம். மாத்திரையை நிறுத்தியது வீட்டாருக்கே தெரியாமல் போகலாம். ஊசிக்கு வராதது அன்றே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 39 மருத்துவ நிலையங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், அரிபிப்ரசோல் ஊசியை முன்வைத்த நிலையங்களில் இரண்டாண்டுக்குள் 22 விழுக்காட்டினரே மருத்துவமனையில் சேர்ந்தனர். மற்ற நிலையங்களில் 37 விழுக்காட்டினர். நல்ல ஆய்வு, மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் தூண்படம் வேறு சங்கதி. ஒருவருக்கு எப்போது ஊசி தொடங்குகிறார்கள்? பெரும்பாலும் அடுத்தடுத்து மருத்துவமனையில் சேர்ந்து, நோய் உச்சத்தில் நிற்கும்போது. ஏறி இறங்குவது இந்நோயின் இயல்பு. மிக மோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, எந்த மருந்து கொடுத்தாலும் பெரும்பாலும் சற்றே மேலாகத்தான் இருக்கும். காய்ச்சல் உச்சத்தில் கட்டிய தாயத்து, மறுநாள் காய்ச்சல் தணிந்ததற்குப் பேர் வாங்கிக்கொள்வது போலத்தான் இது. இடையில் ஊசியைக் கைவிட்டவர்கள் கணக்கிலிருந்தே கழன்றுவிடுவதும் உண்டு. அரசு படுக்கைகளைக் குறைத்தாலும் தூண் குட்டையாகும். நோயாளி தேறினாரா என்பதைத் தூண் சொல்லாது.

கிஷிமோட்டோ குழுவினர் 2021இல் 137 ஆய்வுகளைத் தொகுத்தனர். நோய் திரும்புதல் அல்லது மருத்துவமனைச் சேர்க்கை, முன்-பின் ஒப்பீடுகளில் 56 விழுக்காடு குறைந்திருந்தது. குலுக்கல் முறையில் குழு பிரித்த சோதனைகளில் 12தான். மருந்து வகை ஒன்றே, நோய் ஒன்றே. மாறியது அளக்கும் முறை. இரு வகை ஆய்வும் ஊசிக்கே சாதகம் என்று ஆதரவாளர்கள் மகிழ்கிறார்கள். சாதகம்தான், ஆனால் 12ஐ நிரூபித்துவிட்டு 56ஐப் படமாக மாட்டுகிறார்கள். ரோசன்ஹெக் குழு அமெரிக்க முன்னாள் படைவீரர் 369 பேரிடம் நடத்திய 2011 சோதனையில் அந்த 12கூடத் தெளிவாக வரவில்லை. ரிஸ்பெரிடோன் ஊசி போட்டவர்களில் 39 விழுக்காட்டினரும் மாத்திரை எடுத்தவர்களில் 45 விழுக்காட்டினரும் மருத்துவமனை போனார்கள். புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே அல்ல. ஊசி போட்ட இடத்து வலியும் உடல் விறைப்பு போன்ற பக்கவிளைவுகளும்தான் ஊசிக்காரர்களிடம் கூடுதலாக இருந்தன.

புதிய ஊசிகள் மாத்திரையைவிடப் பன்மடங்கு விலை. அவற்றை அரசுப் பணத்தில் வாங்கச் சொல்பவர்கள், ஒப்பீட்டுக் குழு இல்லாத அந்தப் படத்தை முதலில் கழற்றி வைக்கட்டும்.