சிபயாக் அடிவாரத்து வெந்நீர்

சுமத்ராவின் மேடான் நகரப் புழுக்கத்திலிருந்து தென்மேற்கே மலையேறினால், ஏறக்குறைய 65 கிலோமீட்டரில் பெரஸ்தாகி என்ற மலை ஊர். வளைவுகளும் லாரிகளும் நிறைந்த பாதை. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து சிறிது தூரத்தில், 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிபயாக் எரிமலையின் அடியில் சிடெபுக்-டெபுக் வெந்நீர்க் குளங்கள்.

முதலில் வரவேற்பது கந்தக வாடை. முகம் சுளிக்காதவர் அபூர்வம். சற்று நேரத்தில் மூக்கு சமாதானமாகிவிடும். நிலத்துக்குள் இறங்கும் மழைநீர் எரிமலையின் சூட்டை வாங்கிக்கொண்டு, பாறை வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது. அதே சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கவும் பக்கத்திலேயே நிலையம் அமைத்திருக்கிறார்கள்.

எல்லாக் குளங்களும் ஒரே சூடு அல்ல. இதமானதில் தொடங்கி, உடம்பு பழகியபின் அடுத்ததற்கு மாறுவதே முறை. கழுத்துவரை சுடுநீர், தலைக்கு மேல் மலைக்குளிர்: சுகமே இந்த முரணில்தான். மேடானில் வியர்வையைத் திட்டியவர்கள் இங்கே காசு கொடுத்து வியர்க்கிறார்கள்! பகல் வெயிலில் இந்தச் சுகத்தில் பாதி போய்விடும். பொழுது சாய்ந்தபின் போவதே உத்தமம்.

வெள்ளி நகை இருந்தால் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். கந்தகம் கறுக்க வைத்துவிடும்.